அக்காள் கேட்ட கேள்வி

சென்ற கோடை விடுமுறையில் ஒரு வாரம் உடையார்பாளையத்தில் என் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். ஜமீனும் அதன் சபையில் பாடிய கனம் கிருஷ்ணையரும் ஒரு காலத்தில் பேரும் புகழும் சேர்த்த ஊர் அது. எனக்கோ அது தறிச் சத்தமும் முந்திரிக்காடும் உள்ள ஊர். மாமா குழித்தறியில் பட்டு நெய்பவர். விடியற்காலையில் தொடங்கும் தறிச் சத்தம்தான் அந்த வீட்டின் கடிகாரம்.

அக்காளுக்கு நான்கு வயதில் ஒரு மகன். சுறுசுறுப்பானவன்; வாயாடி. ஆனால் உயரம் மட்டும் வயதுக்கு ஏற்றதாக இல்லை. அங்கன்வாடியில் அளந்து எழுதும் அட்டையில் அவனுடைய கோடு எப்போதும் மற்றப் பிள்ளைகளின் கோட்டுக்குக் கீழேயே ஊர்ந்து செல்கிறது. ஒரு நாள் மதியம் அவனுக்கு அக்காள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திண்ணையில் அமர்ந்திருந்த அவள் மாமியார், யாரையும் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்:

"ஊருல புள்ளைங்க எல்லாம் மூங்கிலு கணக்கா வளருது. இவன் மட்டும் ஏன் இப்படியே நிக்கிறான்? பெத்தவ ஒழுங்கா சோறு போட்டாத்தானே!"

அக்காள் பதில் பேசவில்லை. தட்டிலிருந்த கடைசிப் பருக்கை வரை ஊட்டி முடித்தாள். அன்று இரவு, எல்லோரும் உறங்கிய பிறகு, என்னிடம் கேட்டாள்:

"தம்பி, நீ பௌதிகம் படிக்கிறியே, ஒண்ணு கேக்கறேன். எதிர்வீட்டுப் பெரியவருக்கு முதுகு வலின்னு திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயி, குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள்ள விட்டுப் படம் எடுத்தாங்க. அது மாதிரி இவன் வயித்தையும் படம் எடுத்துப் பாக்க முடியாதா? நான் போடுற சோறு எங்கதான் போவுதுன்னு தெரிஞ்சிடுமில்ல?"

நண்பர்களே! எனக்கு விடை தெரியவில்லை. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு பற்றிப் பாடநூலில் ஒன்றரைப் பக்கம் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் உடன்பிறந்தவள் கேட்ட ஒரு கேள்விக்கு அந்த ஒன்றரைப் பக்கம் உதவவில்லை. கல்லூரி திறந்ததும் நூலகத்திலும் ஆசிரியர்களிடமும் தேடித் திரட்டிய விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் உண்ட சோறு வயிற்றுக்குள் இறங்கியதும் உடம்புக்குள் போய்விட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அது இன்னும் வெளியேதான் இருக்கிறது. உணவுப்பாதை என்பது உடம்பின் நடுவே செல்லும் நீண்ட குழாய். அதன் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலந்த பிறகே உணவு நமக்குச் சொந்தமாகிறது. வளர்ந்தவரின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுடையது. அதன் உட்புறம் முழுவதும் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் அடர்ந்து நிற்கின்றன. இவற்றையெல்லாம் விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய நூல்கள் கூறும். 2014ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் மறுபடியும் கணக்கிட்டு, உணவுப்பாதை முழுவதற்கும் சேர்த்தே 30 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும் என்று காட்டினர். ஒரு சிறிய வகுப்பறையின் தரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பரப்பையும் காத்து நிற்பது ஒரே ஒரு செல் அடுக்குதான் என்றால் வியப்பாக இல்லையா? அந்த அடுக்கும் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் உதிர்ந்து, புதிதாக முளைத்துவிடுகிறது. ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை 'இறுக்கச் சந்திப்புகள்' அடைத்து நிற்கின்றன. 1963ஆம் ஆண்டில் மெரிலின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணைகொண்டு இவற்றை விவரித்தனர். இச்சந்திப்புகள் தைத்து மூடிய தையல் அல்ல. தேவைக்கேற்பத் திறந்து மூடும் கதவுகள். சுவர் எவற்றை, எவ்வளவு கடந்து செல்ல விடுகிறது என்பதையே குடலின் ஊடுருவு திறன் என்கிறார்கள்.

மாமாவின் தறியை நினைத்துப் பார்த்தபோதுதான் இது எனக்கு நன்றாக விளங்கிற்று. பாவும் ஊடையும் நெருங்கி நின்றால் அது துணி. விலகி நின்றால் சல்லடை. குடலிலும் இரண்டு வகையாகக் கேடு வரலாம். குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கினால், உள்ளே வரவேண்டிய சத்து குறைகிறது. சந்திப்புகள் தளர்ந்தால், வெளியே நிற்க வேண்டிய கிருமிகளின் துணுக்குகள் உள்ளே நுழைகின்றன. உள்ளே நுழைந்த அயலாரை எதிர்த்து உடம்பு ஓயாமல் போரிடுகிறது. வளர்ச்சிக்குச் செலவாக வேண்டிய சத்து இந்தப் போரில் செலவாகிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. பார்ப்பதற்கு நோயே இல்லை. ஆனால் வளர்ச்சிக் கோடு மட்டும் மேலே ஏறுவதில்லை.

சரி, இதைப் படம் எடுத்துப் பார்க்க முடியுமா? அக்காள் சொன்ன குழாய் மெஷின் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படக் கருவி. நம் உடம்பில் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு சிறு காந்தம். பூமியின் காந்தப் புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலிமையுள்ள, அதாவது 1.5 டெஸ்லா அளவுள்ள, காந்தத்தினுள் படுக்க வைத்தால், இச்சிறு காந்தங்கள் பம்பரம் போல வினாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் முறை தலை சுற்றுகின்றன. அதே அதிர்வெண்ணில் ஒரு வானொலி அலையை அனுப்பி நிறுத்தினால் அவை மறுமொழி தருகின்றன. அந்த மறுமொழியிலிருந்தே கணிப்பொறி படம் வரைகிறது. எக்ஸ்ரே கதிர் எதுவும் இதில் இல்லை.

இந்த ஒத்ததிர்வை நீர்மங்களிலும் திண்மங்களிலும் 1946இல் கண்டு காட்டியவர்கள் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் ஆகியோர். ஓடும் நீர்மத்தில் இந்த ஒத்ததிர்வு எப்படி மாறுகிறது என்பதை 1951இலேயே ஆராய்ந்து எழுதியவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூரியன். பிற்காலத்தில் இரத்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ. மூலம் அளக்கும் முறைகளின் வரலாறு பேசுவோர் அவர் பெயரிலிருந்து தொடங்குவதுண்டு. நம் பாடநூலில் அப்பெயரை நான் காணவில்லை. ஆகவே இங்கே குறிப்பிடுகிறேன். 1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட முதல் படத்தில் இருந்தது மனித உடம்பு அன்று. தண்ணீர் நிரம்பிய இரண்டு நுண்குழாய்களே. அவரும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் இந்தக் கருவியால் காணக்கூடிய மிகச் சிறிய புள்ளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். குடற்செல்களுக்கு இடையே உள்ள வழியோ நானோமீட்டர் கணக்கு. அதாவது பத்து லட்சம் மடங்கு சிறியது. அதை நேரடியாகப் பார்ப்பது மலை உச்சியில் நின்றுகொண்டு அடிவாரத்தில் காயும் புடவையின் இழையை எண்ண முயல்வது போன்றது. ஆகவே ஆய்வாளர்கள் இழையை எண்ணுவதில்லை. ஈரம் எங்கே பரவுகிறது என்று பார்க்கிறார்கள்.

அதற்குச் சில வழிகள் உண்டு. மான்ஸ்ஃபீல்டு பணியாற்றிய நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில், ஒரு கரைசலைக் குடிக்கச் செய்து, சிறுகுடலில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. மூலம் மில்லிலிட்டர் கணக்கில் அளக்கிறார்கள். வேறொரு முறையில், கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்தை நரம்பில் ஏற்றி, குடற்சுவர் எவ்வளவு விரைவாக ஒளிர்கிறது என்று தொடர்ந்து படம் எடுக்கிறார்கள். வீங்கிப் புண்பட்ட இடத்தில் மருந்து விரைந்து கசியும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். குரோன் நோய் போன்ற குடல் அழற்சிகளை மருத்துவமனைகளில் கண்காணிக்க இத்தகைய படங்கள் இன்று பயன்படுகின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நரம்பில் ஏற்றிய மருந்து காட்டுவது இரத்தக் குழாயின் கசிவை. நமக்கு வேண்டியதோ குடலின் உட்புறச் செல் அடுக்கின் கசிவு. இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே நோயில் சேர்ந்து வரலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அதுமட்டுமன்று, குடல் ஓயாமல் அசைவது. மூச்சை அடக்கிக் கொண்டு அசையாமல் கிடந்தால்தான் படம் தெளிவாக வரும். நான்கு வயதுப் பிள்ளை அப்படிக் கிடப்பானா? மயக்க மருந்து தரவேண்டி வரும். சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவர்களுக்குச் சில கடோலினியம் மருந்துகள் தோல் இறுகும் கொடிய நோயை உண்டாக்குவதும் 2006இல் தெரியவந்தது. ஆகவே அக்காளுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விடை இதுதான்: குடற்சுவரின் கசிவை எம்.ஆர்.ஐ. மூலம் அளக்க முயல்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து முயற்சி. உடையார்பாளையத்துப் பிள்ளைக்கு இன்று செய்து பார்க்கும் சோதனை அன்று.

அப்படியானால் வேறு வழியே இல்லையா? உண்டு. அது மிக எளியது. குழாய் மெஷின் வேண்டாம். இனிப்புத் தண்ணீரும் சிறுநீரும் போதும்! லாக்டுலோஸ், மானிட்டால் என்று இரண்டு இனிப்புப் பொருள்கள். மானிட்டாலின் மூலக்கூறு எடை 182. லாக்டுலோஸின் எடை 342. இரண்டையும் நம் உடம்பு எரித்துப் பயன்படுத்துவதில்லை. இரத்தத்தில் கலந்தால் சிறுநீரில் அப்படியே வந்துவிடும். சிறிய மானிட்டால் நல்ல குடலில் ஓரளவு உள்ளே நுழையும். பெரிய லாக்டுலோஸ் நுழையக் கூடாது. குடலுறிஞ்சிகள் மழுங்கினால் மானிட்டால் குறையும். சந்திப்புகள் தளர்ந்தால் லாக்டுலோஸ் கூடும். இரண்டையும் குடிக்கச் செய்து, சில மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து, விகிதம் பார்த்தால் போதும். மாவைத் துணியில் சலித்து, கீழே விழுந்ததைக் கொண்டு துணியின் நெருக்கத்தை அறிவது போன்றதே இது. 2009ஆம் ஆண்டு முதல் எட்டு நாடுகளில் நடைபெற்ற 'மால்-எட்' என்ற பெரிய ஆய்வில் இந்தச் சோதனையும் இடம்பெற்றது. அந்த எட்டு இடங்களில் ஒன்று நம் தமிழ்நாட்டு வேலூர். இச்சோதனையும் குறையில்லாததன்று. குழந்தைக்குக் குழந்தை அளவு மிகவும் மாறுவதால், பல பிள்ளைகளைச் சேர்த்து ஆராய உதவுமே தவிர, ஒரு பிள்ளையைக் காட்டி 'இவனுக்கு இதுதான் கோளாறு' என்று தீர்ப்புச் சொல்ல உதவாது.

வேலூர் என்றவுடன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தேடிப் படித்தவற்றில் என் நெஞ்சைத் தொட்டது அதுவே. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்னும் குடல் நோய் கொள்ளை நோய் போலப் பரவியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தனர். அக்காலத்தில் எம்.ஆர்.ஐ. கிடையாது. நூல் போன்ற குழாயின் நுனியில் கட்டிய சிறு உலோகக் குப்பியை நோயாளி விழுங்க வேண்டும். அது சிறுகுடலில் துளியளவு சதையைக் கிள்ளி வரும். அப்படி எடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளிடம் மட்டுமல்லாமல், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த மக்களிடமும் குடலுறிஞ்சிகள் மழுங்கியே இருந்தன. விரல் போல நிற்க வேண்டியவை இலை போலவும் வரப்பு போலவும் தட்டையாகி இருந்தன.

நம் மக்களின் குடல் பிறப்பிலேயே அப்படித்தானா? இந்த ஐயத்தை வேலூர் ஆய்வாளர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வு தீர்த்தது. இறந்து பிறந்த சிசுக்களின் குடலை ஆராய்ந்தபோது, குடலுறிஞ்சிகள் உலகின் எந்தக் குழந்தைக்கும் உள்ளவை போல நேர்த்தியான விரல்களாகவே இருந்தன. மாற்றம் பிறந்த பிறகே வருகிறது. 1966இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு மறுபுறத்தைக் காட்டியது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், தொண்டு செய்ய வந்து தங்கிய அமெரிக்க இளைஞர்களின் குடலும் அவ்வாறே மாறியிருந்தது. ஊர் திரும்பியபின் காலப்போக்கில் அது சீரடைந்ததை 1971இல் எழுதினார்கள். எனவே இது குலத்தின் குறையன்று, நிறத்தின் குறையன்று, பெற்றவளின் குறையும் அன்று. குடிக்கும் நீரும் தவழும் மண்ணும் உண்ணும் உணவில் கலக்கும் அழுக்கும் சேர்ந்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அந்தத் துணியைத் தேய்க்கின்றன.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளை! நான்கில் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோறு போடாமல் இருக்கிறாள் என்று எவரேனும் சொல்லத் துணிவார்களா?

இதற்குப் பரிகாரம் எளிது என்று நானும் முதலில் நினைத்தேன். கழிப்பறை கட்டி, கை கழுவக் கற்பித்துவிட்டால் முடிந்தது என்று எழுதி, கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் வங்கதேசத்திலும் கென்யாவிலும் 2018இலும், ஜிம்பாப்வேயில் 2019இலும் வெளியான பெரிய ஆய்வுகள் என்னைத் தடுத்து நிறுத்தின. கிராமத்து வீடுகளுக்குக் கழிப்பறையும் கை கழுவும் வசதியும் நீரைத் தூய்மையாக்கும் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றால் மட்டும் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. கூடுதல் சத்துணவு தந்த இடங்களில் சிறிதளவே கூடியது. வீட்டுக்கு ஒரு சிறு வசதி போதாது. ஊர் முழுவதற்கும் நல்ல குழாய்நீர், கழிவுநீர் வடிகால், கோழியும் ஆடும் பிள்ளையின் தட்டுக்கு அருகே வராத முற்றம் என்று அடிப்படையே மாறவேண்டும் போலும் என்பதே அவ்வாய்வாளர்கள் பலரும் வந்தடைந்த எண்ணம். இதற்கிடையில், 'குடல் ஒழுகுகிறது, எங்கள் பொடியைச் சாப்பிடுங்கள்' என்று விளம்பரம் செய்வோரும் கிளம்பியிருக்கிறார்கள். அப்பொடிகள் பிள்ளையின் உயரத்தைக் கூட்டும் என்பதற்குச் சான்று எதையும் நான் காணவில்லை.

ஆயுத பூசை விடுமுறைக்கு மறுபடியும் உடையார்பாளையம் போனேன். தறிக்குப் பூசை முடிந்திருந்தது. இவ்வளவையும் அக்காளுக்கு விளக்கிச் சொன்னேன். மாமா தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உன் பிள்ளைக்கு இதுதான் கோளாறு என்று நான் சொல்ல முடியாது, அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், இரத்தசோகை முதல் பல காரணங்கள் இருக்கலாம் என்பதையும் மறக்காமல் சொன்னேன். அக்காள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

"அப்போ நான் போட்ட சோறு குறைச்சல்னு சொல்ல முடியாதா, தம்பி?"

"முடியாது அக்கா. நீ போட்ட சோறு முழுசா அவனுக்குப் போய்ச் சேராம இருந்திருக்கலாம். அது உன் குத்தம் இல்ல."

மாமா எழுந்து, நெய்து மடித்து வைத்திருந்த புடவை ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்த்தார். பிறகு மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு ஜெயங்கொண்டத்துல டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். திண்ணையில் இருந்த அத்தைக்கு இவையெல்லாம் காதில் விழுந்தனவா என்று தெரியவில்லை. ஆனால் அன்று மாலை தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்தவர் அவர்தான். பிள்ளைக்குத் தண்ணீர் முகந்து கொடுக்குமுன் சொம்பைக் கழுவியவரும் அவர்தான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! நம்மில் பலர் தறிக்காரர் வீட்டிலிருந்தும் உழவர் வீட்டிலிருந்தும் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். வகுப்பறையில் நாம் படிக்கும் பாடத்துக்கும் நம் வீட்டுத் திண்ணையில் விழும் பழிச்சொல்லுக்கும் தொடர்பு இல்லை என்றே நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு. ஒரு காந்தத்தின் நடுவே ஹைட்ரஜன் அணு எப்படிச் சுற்றுகிறது என்பதில் தொடங்கிய தேடல், ஒரு தாயின் மீது சுமத்தப்பட்ட பழியை இறக்கி வைப்பதில் வந்து முடிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி காத்திருக்கக் கூடும். விடை தெரியாது என்று திரும்பிவிடாமல், தேடிச் சென்று அறிந்து, வீட்டாருக்குப் புரியும் சொல்லில் எடுத்துச் சொல்வோமாக. நாம் கற்ற கல்விக்கு அதைவிட நல்ல தேர்வு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.